மார்ச் 20 அன்று பெட்டி வழங்குவோருக்கு ஒரு கணக்குப்பிள்ளையின் மடல்

மதுரையில் ஆண்டுதோறும் மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாளன்று குருவிக் கூட்டுப்பெட்டி வழங்கும் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் கல்லூரி அமைப்புகளுக்கும் வணக்கம்.

கீழமாசி வீதியில் ஒரு தானிய மொத்தக் கடையில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வராவிட்டால் பொழுது விடிந்ததாகத் தோன்றுவதில்லை. பறவைகளைப் பற்றி முறையாக எதுவும் படித்ததில்லை. ஆனால் கல்லாவுக்கு எதிரே சாக்கு மூட்டைகளின் மேல் தத்தித் தத்தி, என்னோடு அதிக நாள் வேலை பார்த்தவை குருவிகள்தான். சிட்டை எழுதியவன் சிட்டைப் பற்றியும் நாலு வரி எழுதலாம் அல்லவா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஓர் அமைப்பு எனக்கும் ஒரு மரப்பெட்டி தந்தது. முகப்பில் நன்கொடையாளரின் சிரித்த முகம், அதற்குக் கீழே வட்டமாக ஒரு துளை, துளைக்குக் கீழே குருவி உட்கார ஒரு குச்சி. செல்லூரில் என் வீட்டு மேற்குச் சுவரில்தான் இடம் இருந்தது, அங்கேயே மாட்டினேன். சித்திரை வெயிலில் ஒரு நாள் மூடியைத் திறந்தேன். இட்லிக் கொப்பரையைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. ஓர் ஆண் குருவி வந்து, எட்டிப் பார்த்து, போய்விட்டது. ஆடி மாதம் அணில் குடியேறியது. இப்போதும் அந்த நன்கொடையாளரின் நெற்றியில் அணில் வால் தொங்குகிறது.

அணில் மேல் எனக்குக் கோபம் இல்லை. துளையை அளந்து பார்த்தேன். 5 சென்டிமீட்டர். அணில் என்ன, மைனாவே குடித்தனம் நடத்தலாம். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் போதும். இன்று கடைகளில் வாங்க மறுக்கிறார்களே, அந்தப் பத்து ரூபாய் நாணயம், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். அதை வைத்துக் கோடு இழுத்து, சுற்றிலும் இரண்டரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். நாணயம் இதற்காவது செல்லட்டும். குச்சி வேண்டவே வேண்டாம். குருவி அது இல்லாமலே உள்ளே போகும். குச்சியால் வசதி பெறுவது குஞ்சைக் கொத்தக் காத்திருக்கும் காக்கைதான்.

ஆனால் இவையெல்லாம் தச்சரிடம் சொல்லித் திருத்தக்கூடிய பிழைகள். நான் எழுத வந்தது வேறு.

கடை ஷட்டருக்கு மேலே, தகடு சுருண்டு ஏறும் பெட்டிக்குள் ஒரு ஜோடி கூடு கட்டியது. எங்கள் முதலாளி ஈவு இரக்கத்தில் கர்ணன் என்று சொல்லமாட்டேன். சிந்திய கம்புக்கும் கணக்குக் கேட்பவர். ஆனாலும் ஷட்டரை முழுக்கத் தூக்கினால் கூடு நசுங்கும் என்று முக்கால் பங்குக்கு மேல் தூக்க அவர் விடவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் மூட்டை சுமப்பவர்கள் குனிந்தே வந்து போனார்கள், வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டே.

அந்த மாதம் நான் பார்த்தது இது. முட்டை பொரியப் பன்னிரண்டு நாள் பக்கம் ஆனது. பொரிந்த அன்றிலிருந்து தாயும் தகப்பனும் தரையில் கிடந்த கம்பைக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகவே இல்லை. தாம் மட்டும் கொறித்துக்கொண்டன. கழுத்தில் கறுப்புத் தாடி வைத்த ஆண் ஒரு பக்கம், கண்ணுக்குப் பின்னால் வெளிறிய கோடு ஓடும் பெண் ஒரு பக்கம், இரண்டும் கடைக்குப் பின்னால் இருந்த காலிமனைக்குப் பறந்தன. எருக்கும் முருங்கையும் பெயர் தெரியாத கொடிகளும் மண்டிக் கிடந்த இடம் அது. திரும்பும்போது அலகில் நெளியும் பச்சைப் புழு. ஒரு நாள் ரொக்கம் எண்ணுவதை விட்டுவிட்டு இதை எண்ணினேன்: ஒரு மணி நேரத்தில் பதினேழு நடை. பல் முளைக்காத பிள்ளைக்கு யாரும் சோளப்பொரி ஊட்டுவதில்லை, அதே நியாயம்தான். முதல் சில நாள் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் உணவு. பதினைந்து நாளில் மூன்று குஞ்சுகளும் பறந்தன.

அடுத்த ஆண்டு அந்தக் காலிமனை வண்டி நிறுத்துமிடமாகிவிட்டது. புதரை வெட்டி, மருந்தடித்து, பேவர் பிளாக் பதித்தார்கள். சுத்தமாக இருந்தது என்று எல்லாரும் பாராட்டினார்கள், நானும்தான். அதே ஷட்டர், அதே ஜோடியாகத்தான் இருக்க வேண்டும், அதே வைக்கோல். குஞ்சுகள் பொரிந்தன. நான்காம் நாள் மேலிருந்து சத்தம் வரவில்லை. கீழே தரையெல்லாம் கம்பும் சோளமும் இறைந்து கிடந்தன.

கூட்டுக்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். “இத்தனை நூறு கூடுகள் வழங்கினோம்” என்று பத்திரிகைக்குக் கொடுக்கிறீர்கள். என் தொழிலில் அதற்குப் பெயர் பற்று. வரவு எங்கே? எத்தனை பெட்டிகளில் குருவி ஏறியது, எத்தனை குஞ்சுகள் பறந்தன என்று ஜூன் மாதத்தில் யாராவது திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா? என் பெட்டியைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் அணிலையாவது பார்த்திருப்பார்கள்.

மேடையில் யாராவது ஒருவர் தவறாமல் செல்போன் கோபுரத்தைத் திட்டுகிறார். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, குருவி குறைவதற்குக் கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்கிறது. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி ஓரளவு நிலையாகவே இருக்கிறது என்றும், சென்னை, பெங்களூரு முதலான ஆறு பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றும் அது சொல்கிறது. அந்த ஆறில் மதுரை இல்லை. நம் ஊரைப் பற்றிப் பேச வேண்டுமானால் நம் தெருவில் எண்ண வேண்டும். 2015 முதல் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று, கண்டதை எண்ணி, இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். கோபுரத்தைத் திட்டும் நேரத்தில் இரண்டு தெருக்களை எண்ணிவிடலாம்.

இந்த ஆண்டு நூறு வார்டுகளுக்கும் பெட்டி தூவாதீர்கள். இப்போதும் குருவிச் சத்தம் கேட்கும் ஒரே ஒரு தெருவைப் பிடியுங்கள். குருவி தனிக்குடித்தனம் விரும்பாது. பத்துப் பெட்டிகளை அடுத்தடுத்து, வடக்கு அல்லது கிழக்குச் சுவரில், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மீதிப் பணத்தில் அந்தத் தெருக்காரர்களோடு பேசி, கல் பதிக்காத, மருந்து அடிக்காத ஒரு மண் பட்டையைக் காப்பாற்றுங்கள். செடியில் புழு இருக்கும். மண்ணில் புழுதிக் குளியலும் நடக்கும். நிழற்படத்தில் அது குப்பையாகத்தான் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி ஊராரை நினைத்துக்கொள்கிறேன். 2020இல் தெருவிளக்கின் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை கூடு கட்டிவிட்டது என்பதற்காக ஒரு மாதத்துக்கும் மேல் விளக்குப் போடாமல் இருட்டில் நடந்தார்கள். அது சிட்டுக்குருவிகூட இல்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான். சாமி படத்துக்குப் பின்னால் குருவி கட்டினால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கோடை முழுக்கப் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருப்பார். அடைக்கலங்குருவி என்று பெயர் வைத்துவிட்டோமே, பிறகென்ன செய்வது?

கடையில் இப்போது முதலாளியின் மகன் இருக்கிறார். என் நச்சரிப்புத் தாங்காமல், பழைய பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி மொட்டைமாடியில் அகத்தியும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறார். இலைகள் சல்லடையாக இருக்கின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சி. போன வாரத்திலிருந்து ஒரு ஜோடி மறுபடி ஷட்டருக்குள் வைக்கோல் இழுக்கிறது. வந்து பாருங்கள். பதாகை வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஷட்டர் ஒன்பது மணிக்குத் திறக்கும், எட்டரைக்குள் வந்துவிடுங்கள். குனிந்து வர வேண்டியிருக்கும்.