எங்கட சனத்துக்குச் சிக்கனம் தெரியாதோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழில குளிர்காலச் செலவைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்கள். பிரயோசனமான விசயம் எண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலா இருந்து வாசிச்சனான். மூண்டாம் பந்தியில "நம்மவர்களுக்கு ஹீற்றரைச் சிக்கனமாகப் பாவிக்கத் தெரியாததே பில் கூடுவதற்கு முக்கிய காரணம்" எண்டு ஒரு வசனம். அதோட பேப்பரை மடிச்சு வைச்சிட்டன், மிச்சத்தை ரெண்டு நாள் கழிச்சுத்தான் வாசிச்சன். 20 வருசத்துக்கு மேல உங்கட வாசகி எண்ட உரிமையில எழுதுறன், கோவிக்க வேண்டாம்.

ஐயா, 1990ல யாழ்ப்பாணத்தில கரண்ட் போனதும் பிறகு வருசக்கணக்கா மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைச்சு, மூடியால அளந்து எண்ணெய் விட்டு, நூல் மாதிரி ஒரு திரியைப் போட்டு, அந்த வெளிச்சத்தில பிள்ளையளை சோதினைக்குப் படிப்பிச்ச சனம் நாங்கள். பிள்ளை புத்தகத்தை மூடினவுடன விளக்கை ஊதி அணைச்சுப்போட்டு மிச்சத்தை இருட்டுக்குள்ள இருந்து கதைச்சனாங்கள். அந்தச் சனத்துக்கு சிக்கனம் தெரியாது எண்டு எங்கட பேப்பரே எழுதினால் நான் யாரிட்டப் போய்ச் சொல்லுறது?

நாங்கள் இருக்கிறது லண்டன் ஈஸ்ட் ஹாமில வாடகை வீடு, 100 வருசத்துக்கு மேல பழசு, நடுவில இடைவெளி இல்லாத செங்கல் சுவர். என்ர மனுசனுக்கு பாரிசவாதம் வந்து இடப்பக்கம் ஏலாது, காலமையில இருந்து பின்னேரம் வரை ஒரே கதிரைதான். உங்கட கட்டுரையில ஒரு ஸ்வெற்றர் கூடப் போடுங்கோ, வீட்டுக்குள்ள எழும்பி நடவுங்கோ எண்டு போட்டிருக்கு. நடக்கிற ஆளுக்கு உடம்பு சூடாகும், நடக்கவே ஏலாத மனுசனுக்கு எங்கயிருந்து சூடு வரும்? அறை 18 டிகிரிக்குக் கீழ போகக்கூடாது எண்டு நேர்ஸ் சொல்லிப்போட்டுப் போனவ. நான் ஹோலில மட்டும் ஹீற்றரைப் போட்டு, கதவுக்குக் கீழ பழைய சீலையைச் சுருட்டி வைச்சு, குசினியில கோட்டோட நிண்டு சமைக்கிறன்.

காலமை எழும்பினால் யன்னல் கண்ணாடியால தண்ணி வடிஞ்சு நிக்கும், துவாயால துடைச்சுப் பிழிஞ்சால் அரைக் கோப்பை தண்ணி வரும். அலுமாரிக்குப் பின்னால கறுப்பா பூஞ்சணம். வாடகை வீட்டு ஏஜென்ற்றைக் கூப்பிட்டுக் காட்டினால் அவர் சொன்னது என்ன தெரியுமோ, நீங்கள் கூடச் சமைக்கிறீங்கள், கூடக் குளிக்கிறீங்கள், உடுப்பை உள்ளுக்குக் காயப்போடுறீங்கள், உங்கட வாழ்க்கை முறைதான் பிழை எண்டு. மழைக்குள்ள பிறகு எங்க காயப்போடுறது? இங்க ரொச்டேல் எண்ட ஊரில அவாப் இஷாக் எண்ட 2 வயதுப் பிள்ளை பூஞ்சணம் பிடிச்ச வீட்டில இருந்து மூச்சு ஏலாமல் 2020ல செத்தது. அந்தத் தாய் தகப்பனுக்கும் பெயின்ற் அடியுங்கோ எண்டுதானே சொன்னவை, வாழ்க்கை முறையைத்தானே குறை சொன்னவை. பூஞ்சணத்தைக் கெதியாத் திருத்த வேணும் எண்டு அந்தப் பிள்ளையின்ர பேரில வந்த சட்டம் 2025 ஒக்ரோபர் 27ல இருந்து நடைமுறைக்கு வந்திருக்கு, ஆனால் கவுன்சில் வீடு, ஹவுசிங் அசோசியேசன் வீடுகளுக்கு மட்டும்தான், எங்களைப் போல தனியார் வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கு இன்னும் இல்லை. ஏஜென்ற் சொன்னதையே நீங்களும் தமிழில எழுதியிருக்கிறீங்கள் ஐயா, அதுதான் எனக்கு இவ்வளவு நோகுது.

பிறகு ஹீற் பம்ப், வெளிக்காத்தில இருக்கிற சூட்டை கரண்டால வீட்டுக்குள்ள இழுக்கிற மெசின். 7500 பவுண்ட்ஸ் மானியம் இருக்கு, போட்டால் கவலை தீரும் எண்டு எழுதியிருக்கு. அந்தக் காசு வீட்டுச் சொந்தக்காரர் கேட்டு எடுக்க வேண்டியது, வாடகைக்கு இருக்கிற நான் கேட்டு எடுக்கேலாது எண்டு ஒரு வரியாவது போட்டிருக்கலாம். ஹீற் பம்ப் நல்ல சாமான்தான், என்ர மகன் ஃப்ரிட்ஜைத் திருப்பி வைச்ச மாதிரி எண்டு விளங்கப்படுத்தினவன், ஒரு பங்கு கரண்டுக்கு மூண்டு பங்கு சூடு தரும். ஆனால் 2025 ஒக்ரோபரில ஒரு யூனிற் கரண்ட் 26 பென்ஸுக்கு மேல, காஸ் 6 பென்ஸ் சொச்சம், நாலு மடங்கு வித்தியாசம். மூண்டு பங்கு சூட்டை நாலு மடங்கு விலைக்கு வாங்கினால் பில் எப்படிக் குறையும்? காத்தாலைக்கும் சோலாருக்கும் முந்திக் குடுத்த மானியக் காசில பெரும்பங்கை 2025ல கரண்ட் பில்லிலதான் ஏத்தி வைச்சிருந்தவை, காஸ் பில்லில இல்லை. காஸை விட்டு கரண்டுக்கு மாறுங்கோ எண்டு சொல்லுற அரசாங்கம் முதல்ல இதையெல்லோ சரிப்படுத்தியிருக்க வேணும். காத்து மண்டலம் பழுதாகக் கூடாது எண்டு எனக்கும் அக்கறை இருக்கு, எனக்கும் பேரப்பிள்ளையள் இருக்கினம்.

அதே இதழில ஒரு முழுப்பக்கம் இலவச இன்சுலேசன் விளம்பரம், சூடு வெளியில போகாமல் சுவருக்குப் போடுற மறைப்பு. அரசாங்கத் திட்டத்தில வெளிச்சுவருக்குப் போட்ட இன்சுலேசனில 98 வீதம் திருத்த வேண்டிய அளவுக்குப் பெரிய பிழை எண்டு தேசிய கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்ரோபரில சொன்னது உங்களுக்குத் தெரியாமல் இருந்திராது. ஒரு பக்கத்தில சனத்துக்குத் தெரியாது எண்டு எழுதி, மற்றப் பக்கத்தில அந்த விளம்பரத்தைப் போடலாமோ?

இது முதல் தரமும் இல்லை. 2022 குளிருக்கு எல்லா வீட்டுக்கும் 400 பவுண்ட்ஸ் குடுத்தவை, மாசம் 66, 67 எண்டு. முதல்லயே காசு போட்டுப் பாவிக்கிற பழைய ப்ரீபேமென்ற் மீற்றர் வைச்சிருந்த எங்களுக்கு அது வவுச்சரா தபாலில வந்தது, கடையில குடுத்துத்தான் மாத்த வேணும். எனக்குப் பக்கத்து வீட்டு அம்மா, 80 வயது, இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது, விளம்பரக் கடதாசி எண்டு நினைச்சு ரெண்டு மாச வவுச்சரை குப்பை வாளிக்குள்ள போட்டிட்டா. இதைத் தமிழில ஒரு பெட்டிச் செய்தியாப் போடுங்கோ எண்டு அப்பவே உங்களுக்கு லெற்றர் எழுதினனான். போடேல்லை. 2024ல வயசான ஆக்களுக்குக் குளிருக்குக் குடுக்கிற வின்ரர் ஃபியூவல் காசை, பென்சன் கிரெடிட் மாதிரி வருமானம் பார்த்துக் குடுக்கிற உதவிப்பணம் எடுக்கிற ஆக்களுக்கு மட்டும் எண்டு சுருக்கினவை, எங்கட வருமானம் அந்த எல்லைக்கு வாரத்துக்கு சில பவுண்ட் கூட, 200 பவுண்ட்ஸ் போச்சுது. அந்த மாசம் உங்கட முன்பக்கம் முழுக்கத் தேர்த்திருவிழாப் படம். தேரை நானும் கும்பிடுறனான் ஐயா, உள்பக்கத்தில ரெண்டு வரி போட இடம் இருந்திருக்கும்.

மீற்றரையும் சொல்லுறன். எங்களுக்குச் சமையலும் குளிப்பும் கரண்டில, காஸ் ஹீற்றிங்குக்கு மட்டும்தான். கோடையில ரெண்டு மாசம் காஸ் மீற்றருக்குச் செருகிற கார்ட்டில காசு போடாமல் விட்டிருந்தன். குளிர் தொடங்க 20 பவுண்ட்ஸ் போட்டுக்கொண்டு வந்து செருகினால் 2 பவுண்டும் சில்லறையும் காட்டுது. ஒரு துளி காஸ் பாவிக்காத நாளுக்கும் ஸ்ராண்டிங் சார்ஜ் எண்ட நாள்கட்டணம் ஏறி, அவ்வளவையும் முதல் வேலையா வெட்டியிருக்கு. இதில என்ர சிக்கனக் குறை எங்க இருக்கு?

நான் கேக்கிறது சின்ன விசயம். கரண்ட் பில்லில கழிக்கிற வோம் ஹோம் டிஸ்கவுண்ட் 150 பவுண்ட்ஸை 2025 குளிருக்கு முந்தியை விட நிறைய ஆக்களுக்கு விரிச்சிருக்கினம், வருமானம் பார்த்துக் குடுக்கிற உதவிப்பணம் எடுக்கிற ஆக்களுக்குக் கிடைக்கும். ஆனால் கரண்ட் கணக்கு உதவிப்பணம் எடுக்கிறவரின்ர பேரில, இல்லாட்டி அவரின்ர மனுசன் மனுசியின்ர பேரில இருக்க வேணும். எங்கட வயசான ஆக்கள் முக்கால்வாசிப் பேரின்ர பில் மகன்ர பேரில, மருமகன்ர பேரில கிடக்கு. இதையும், வருத்தக்காரர் வயசான ஆக்கள் கரண்ட் கொம்பனியில கூடுதல் உதவி கிடைக்கிற பிரயோரிற்றி சேர்விஸ் எண்டதில பேர் பதியலாம் எண்டதையும் அடுத்த இதழில கால் பக்கத்தில தமிழில போடுங்கோ. அந்த வசனத்துக்கு ஒரு திருத்தமும் போட்டால் நன்றியா இருக்கும்.

எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடுங்கோ, பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கண் தெரியாது.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்