வீடும் வேலைத்தளம்தான் என்று சட்டத்தில் எழுதுங்கள்

மாண்புமிகு தொழில் அமைச்சருக்கும் தொழில் ஆணையாளர் நாயகத்துக்கும்,

வணக்கம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம். ஆனால் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டு அறைக்குள் இருந்து கொழும்புக் கம்பனிக்கு உழைப்பவரின் மணிக்கணக்கை இன்று பார்ப்பது லப்டொப்பில் ஏற்றிவிட்ட ஒரு மென்பொருள். சில நிமிடத்துக்கொருமுறை திரையைப் படம் பிடிக்கும். விசைப்பலகை அசையாவிட்டால் கணக்கை நிறுத்திவிடும்.

இந்த மாதம் மின்கம்பித் திருத்த வேலைக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நின்ற ஊர்களில், அன்றைய சம்பளம் பலருக்கு வெட்டப்பட்டது. யூபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சாதாரண யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரி. கணக்குக்கு 84 வாற்-மணி. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால், 60 வாற் இழுக்கும் லப்டொப்பையும் ரவுட்டரையும் முக்கால் மணித்தியாலம் தாங்கினால் பெரிய விஷயம். ரவுட்டரை மட்டும் கொழுவினால் நாலு மணித்தியாலம் ஓடும், ஆனால் அதற்குள் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரி இறங்கிவிட்டால் சிக்னலும் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் பற்றரி வீங்கும். புதியது ஊழியரின் காசில். காரியாலயத்தில் கரண்ட் போனால் ஜெனரேற்றர் முதலாளியின் பொறுப்பு. வீட்டில் போனால் மட்டும் ஊழியரின் குற்றமா?

ஆகவே கேட்கிறோம்: வீடும் வேலைத்தளம்தான் என்று எழுதுங்கள்.

வேலை தரும் கடிதத்தில் ஊழியர் என்பதற்குப் பதில் "சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்று ஒரு சொல்லைப் போட்டால் போதும், 80,000 ரூபா சம்பளத்தில் முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதிப் பங்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும், மாதம் 12,000 ரூபா, அவருக்கு மிச்சம். துண்டுக்கூலிக்காரருக்கும் சேமலாப நிதி உண்டென்று 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்திருக்கும் நாடு இது.

வீட்டிலிருந்து டொலர் உழைப்பவருக்கு 2025 ஏப்ரல் முதல் 15 வீதம் வரை வரி. வரிக்கு வழி தெரிந்த அரசுக்கு, தொழில் திணைக்களத்தை அனுப்பும்போது மட்டும் படலை தெரியவில்லை போலும்.

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். கேட்பது இவ்வளவுதான். முதலாளி நேரம் குறித்து, மென்பொருளால் கண்காணிக்கும் வீட்டை வேலைத்தளமாக வரையறுங்கள். மின்தடை, இணையத்தடை நேரத்துக்குச் சம்பளம் வெட்டுவதைத் தடைசெய்யுங்கள். மென்பொருளின் மணிக்கணக்குப் பிரதியை மாதாமாதம் ஊழியர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் மேலதிக நேரச் சம்பள முறைப்பாட்டை நிரூபிக்க வழியில்லை.

அடுத்த மின்தடை அறிவித்தலுக்கு முன்னர் ஒரு பதிலாவது தந்தால் நன்றியுடையவர்களாவோம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து வேலை செய்வோர்