வடிகாலும் சாலையும்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உள்ளாட்சி பட்ஜெட்டில் நம் பகுதிக்கு என்று நாம் கேட்டவை நான்கு. மழைநீர் வடிகால், அதற்கான மூடிப் பலகைகள், அதை ஒட்டிய சாலை ஆகிய மூன்றும் முடிந்துவிட்டன. பூங்கா வரவில்லை. எங்களை வழியில் பார்க்கிற எல்லோரும் கேட்பது பூங்காவைப் பற்றித்தான் என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

முதல் கூட்டத்தில் கை தூக்கியவர்களை எண்ணியபோது பூங்காதான் முந்தியது. வடிகாலுக்கு விழுந்தவை சொற்பம். நாங்களும் அப்படியே எழுதி மனுவைத் தயார் செய்துவிட்டோம். மறுநாள் காலை கையெழுத்து வாங்க நோட்டோடு பள்ளத்துப் பக்கம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. கூட்டம் நடந்த அன்று நல்ல மழை. அந்தப் பக்கத்து ஆட்கள் கூட்டத்துக்கு வராததற்குக் காரணம், வீட்டுக்குள் வந்த தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்ததுதான். ஒரு வீட்டில் ஒரு பாட்டி சுவரைக் காட்டினார். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். மேலே உள்ள கோடு முழங்காலைத் தாண்டியது. வடிகால் யாருக்கு வேண்டுமோ அவர்கள் இல்லாத இடத்தில் வடிகாலுக்கு ஓட்டு எண்ணியிருக்கிறோம்.

பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே என்ற நகரம் 1989 முதல் குடிமக்களிடம் கேட்டு பட்ஜெட் போட்டது. அங்கே எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது அந்தப் பகுதி மக்கள் சொன்ன முன்னுரிமையை மட்டும் பார்க்கவில்லை. எத்தனை பேர் வசிக்கிறார்கள், கேட்கிற வசதி அங்கே எந்த அளவுக்குக் குறைவாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அந்தக் 'குறைவு' என்ற கணக்கை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். மழை இல்லாத நாளில், பள்ளத்துப் பக்கத்திலேயே இரண்டாவது கூட்டம் போட்டோம். கை தூக்குவதற்கு முன்னால் எல்லோரையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வரச் சொன்னோம். பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் பலர் பூங்காவை விட்டுக்கொடுத்தார்கள். எல்லோரும் அல்ல. அவர்களுடைய வருத்தம் நியாயமானது, கூட்டக் குறிப்பில் அதையும் எழுதியிருக்கிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். வடிகாலில் உயிர்நாடி வாட்டம்தான், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. 200 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் என்பது வரைபடத்தில் இருந்தது. கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் மட்டம் பார்ப்பதற்காகத் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்துக்கொண்டு குழுவில் இருவர் தினமும் கொத்தனாரோடு நின்றார்கள். அப்படியும் நடுவில் ஓரிடத்தில் தளம் இரண்டு விரல்கடை மேடாகிவிட்டது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம், அங்கேயே குளம் கட்டி நின்றது. ஒப்பந்ததாரர் "மழை வந்தால் அதுவே தள்ளிக்கொண்டு போய்விடும்" என்றார். நின்ற தண்ணீரில் மண் படியும், படிந்த மண் அடுத்த மழைக்கு அடைப்பாகும் என்று பொறியாளரே எங்கள் பக்கம் பேசியதால் அந்தத் துண்டை உடைத்து மறுபடி போட்டார்கள்.

கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும், முழு பலம் என்று கணக்கிடுவது 28 நாளில். விடுமுறை நாட்களில் தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு கான்கிரீட் மேல் போட்டிருந்த சாக்கை நனைத்தார்கள். அவர்களுக்கு நன்றி.

இனி எங்கள் தவறு. சாலை போட்ட மூன்றாவது வாரத்தில் குடிநீர்க் குழாய் மாற்ற வந்து புதுத் தாரை வெட்டினார்கள், உங்களில் சிலர் சண்டைக்கே போனீர்கள். குழாய் பழசு என்பது நமக்குத் தெரியும். சாலைக்கு முன் அடியில் செய்ய வேண்டிய வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் போதும். வடிகால் முடிந்த மகிழ்ச்சியில் கேட்காமல் விட்டுவிட்டோம். ஒட்டுப் போட்டு மூடியிருக்கிறார்கள், ஆனாலும் தழும்பு தழும்புதான்.

கணக்கு: இந்தப் பணிகளில் குழுவின் கை வழியாகப் பணம் எதுவும் போகவில்லை. எல்லாம் உள்ளாட்சி நிதி, ஒப்பந்ததாரரின் பட்டியல் (பில்) தொகையும் அவர்களே கொடுத்தது. செய்த வேலையின் அளவுகளைப் பதிந்து வைக்கும் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்கி, டேப் வைத்து நாங்களும் அளந்தோம். இரண்டு இடத்தில் நீளம் கூடுதலாக எழுதப்பட்டிருந்தது, சுட்டிக்காட்டியதும் பில்லைத் திருத்திவிட்டார்கள். நகல் செயலாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அடுத்த பட்ஜெட்டுக்கான பட்டியலில் பூங்கா முதலிடத்தில் இருக்கிறது. அமைப்பதற்கு ஆகும் செலவு ஒருமுறைதான். செடிக்குத் தண்ணீர், குப்பை அள்ளுவது, விளக்கு எல்லாம் வருடா வருடம் வருகிற செலவு. அதை யார் தலையில் கட்டுவது என்பதையும் சேர்த்து எழுதித்தான் இந்த முறை மனு கொடுக்கப்போகிறோம். பட்ஜெட் வரைவு எழுதுவதற்கு முன் கொடுத்தால்தான் பலன். ஆகவே பட்டியலில் சேர்க்க வேண்டியது இருந்தால் அடுத்த கூட்டத்துக்குள் சொல்லுங்கள்.

அப்புறம், ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டியதில் பிடித்து வைத்திருக்கும் தொகை இன்னும் விடுவிக்கப்படவில்லை. குறைகளைச் சரிசெய்து கொடுக்க வேண்டிய காலம் முடியும்வரை அது உள்ளாட்சியிடம்தான் இருக்கும். விரிசல் விட்ட இரண்டு மூடிப் பலகைகளை மாற்றியாகிவிட்டது. உங்கள் வாசலில் உள்ள பலகை ஆடினாலோ ஓரம் பெயர்ந்தாலோ, அதில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துச் செயலாளரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பணிக்குழு