என் பந்தைத் தேடியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஊட்டியில் நடந்த பெண்கள் அமெச்சூர் கோல்ஃப் போட்டி முடிந்து கோவைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். முடிவுப் பட்டியலில் ஆறாவது வரியில் என் பெயர். பக்கத்தில் இரண்டு நாள் ஸ்கோர்: 85, 77 (அடிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது). இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் வாழ்த்துச் சொன்னீர்கள். வாங்கிக்கொண்டேன், சந்தோஷம்தான். ஆனால் அந்த 77 யார் யார் கைக்குப் போகவேண்டிய வாழ்த்து என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கேடி அண்ணன், என் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வழி சொன்னவர். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். ஊட்டியின் காந்தல்காரர். பையனாக இருந்த காலத்திலிருந்து இந்த மைதானத்தில் பை தூக்குகிறார்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் பந்தை இழுத்துப் பிடிக்கும் விசையும் குறைவு. கீழே அடிப்பதைவிட எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதலாகப் போகும். கோவையில் என் 7-ஆம் அயர்ன் மட்டை 130 கஜம் என்றால் இங்கே 140-ஐத் தாண்டும். இது எல்லா கோல்ஃப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு, விரல் மரத்துப்போகிற குளிரில், பந்தும் உடம்பும் இறுகியிருக்கும்போது அந்த எட்டு சதவீதத்தில் பாதி எங்கேயோ காணாமல் போய்விடுகிறது. வெயில் ஏறியதும் திரும்பி வந்துவிடுகிறது. "பத்து மணிக்கு முன்னாடி ஒரு கணக்கு, அப்புறம் ஒரு கணக்கு மேடம்" என்றார் அண்ணன். முதல் நாள் அவர் அதிகம் பேசவில்லை. நான் எந்த கிளப்பில் (மட்டையில்) எவ்வளவு தூரம் அடிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டாம் நாள் காலை, நான் கேட்பதற்கு முன்பே 8-ஆம் அயர்னை உருவி நீட்டினார். "எட்டு போதும் மேடம்." எட்டு போதுமாகத்தான் இருந்தது.

குழியைச் சுற்றியுள்ள கிரீனில்தான் அவர் நிஜமான ஆசிரியர். மலை மைதானத்தில் கண் பொய் சொல்லும். சுற்றிலும் சரிவு இருப்பதால், இறங்குகிற இடம் ஏறுவதுபோலத் தெரியும். "கண்ணை நம்பாதீங்க மேடம், காலை நம்புங்க" என்பார். குழிக்கும் பந்துக்கும் நடுவில் நின்று, கண்ணை மூடி, எந்தக் காலில் பாரம் கூடுகிறது என்று பார்க்கச் சொன்னார். முதல் தடவை சிரிப்பு வந்தது. மூன்றாவது பட் (குழியை நோக்கி உருட்டும் அடி) விழுந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்டக்காரர் நிலையெடுக்கத் தொடங்கியதும் கேடி பின்னால் நேர்கோட்டில் நிற்கக்கூடாது என்று 2019-இல் விதி வந்தது. அதை அவர் கடைப்பிடிக்கும் விதமே தனி. ஒரே ஒரு புல்லைக் காட்டி, "இது மேல விடுங்க" என்று சொல்லிவிட்டு, நாலு எட்டு தள்ளிப்போய் வேறு பக்கம் பார்த்து நின்றுகொள்வார். அப்புறம் எல்லாம் நம் பாடு.

இதைப் படிக்கும் கிளப் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தை இந்தியாவில் ஆழமாகத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பை தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். 2009-இல் இந்தியன் ஓப்பனை வென்ற பெங்களூரு முனியப்பா கேடியாகத் தொடங்கியவர்தான். அப்படி ஒருவர் ஜெயித்தால் செய்தி போடுகிறோம். மற்ற நாட்களில் மழை பெய்து ஆட்டம் நின்றால் அவர்களுக்கு அன்றைய கூலி கிடைத்ததா என்று கூடக் கேட்பதில்லை. அண்ணனின் மகனும் ஆடுகிறான். இடது கைக்காரன். யாரோ கொடுத்த இடது கை 7-ஆம் அயர்ன் ஒன்றுதான் அவனிடம் இருக்கிறது. தூர அடிக்கும் டிரைவரும் அதுதான், கிட்டத்தில் அடிக்கும் வெட்ஜும் அதுதான். சில நேரம் குழிக்குள் உருட்டும் பட்டரும் அதுதானாம்.

இப்போது ஒரு முட்புதர் கதைக்கு வருகிறேன். என் 77 அங்கேதான் பிழைத்தது.

ஊட்டி மைதானத்தில் ஆடியவர்களுக்கு அந்தப் புதரைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்த செடி. மஞ்சள் பூ. வெயில் பட்டால் தேங்காய் வாசம் வரும். அழகாக இருக்கிறதே என்று கிட்டப் போனால் இலையென்று எதுவும் இல்லை, எல்லாம் முள். நீலகிரியின் புல்வெளிகளை ஆக்கிரமித்து வனத்துறைக்குத் தலைவலியாக இருக்கும் செடிகளில் இதுவும் ஒன்று. பதினெட்டு ஹோலில் (குழியில்) இரண்டாம் ஒன்பதில், நாலு அடியில் முடிக்க வேண்டிய ஒரு பார் 4-இல், முதல் அடியான என் டிரைவ் இடது பக்கம் வளைந்து அதற்குள் போனது.

அது தொலைந்துபோனால் ஆட உடனே மாற்றாகப் புரொவிஷனல் பந்து ஒன்று அடித்தேன். அது கிரீனுக்குப் போகும் புல் வெட்டிய பாதையில், நடு ஃபேர்வேயில் அழகாக உட்கார்ந்தது (அந்த மாதிரிப் பந்துகள் எப்போதும் அழகாகத்தான் உட்காரும்). முதல் பந்து கிடைக்காவிட்டால் பெனால்டி அடி ஒன்றையும் சேர்த்து அந்த இரண்டாவது பந்தில் என் அடுத்த அடி நாலாவது. கிரீனில் ஏற்றி இரண்டு பட் போட்டாலும் ஆறு. முதல் பந்து கிடைத்தால், முள்ளுக்குள்ளேயே இருந்தாலும், ஒரு பெனால்டியோடு அடுத்த அடி மூன்றாவது. ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஒரு அடி, வித்தியாசம். தேட மூன்று நிமிஷம். 2018 வரை ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள், இப்போது மூன்றுதான்.

அந்தப் புதர் வரிசை நீளம். நான் நினைத்த இடம் ஒன்று, அண்ணன் சொன்ன இடம் இன்னொன்று. அப்போது ஃபேர்வே ஓரத்தில் குந்தி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், எழுந்திருக்காமலேயே, கையில் இருந்த களைக்கொத்தை நீட்டிக் காட்டினார். "அந்தக் காஞ்ச கொப்பு இருக்குல்ல, அதுக்குக் கீழ. சர்ருனு போச்சு." நாங்கள் இரண்டு பேரும் நினைத்த இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி. கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் தலைக்கு மேல் பந்து பறக்கிற இடத்தில் வேலை செய்கிறவர்கள், பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துப் பழகியிருக்க மாட்டார்களா? அக்கா, உங்களுக்கு இந்த மடல் யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அன்று நன்றி சொல்லத் திரும்பினபோது நீங்கள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டிருந்தீர்கள்.

இடம் தெரிந்தாலும் பந்து தெரியவில்லை. நானும் அண்ணனும் தரையில் குனிந்து தேடுகிறோம். என்னுடன் ஆடிய சென்னைப் பெண், பதினாறு வயது, ஸ்வெட்டர் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு புதரை இரண்டாகப் பிளந்தாள். அவள் கீழே பார்க்கவே இல்லை. "ஆன்ட்டி, மூணு சிவப்புப் புள்ளியா?"

பந்து தரையில் இல்லை. இடுப்பு உயரத்தில், இரண்டு கொப்புக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று சிவப்புப் புள்ளி என் மகள் மார்க்கர் பேனாவால் வைத்தது. புறப்படும் முந்தின ராத்திரி, ஒரு டஜன் பந்துக்கும் கோலப்புள்ளி மாதிரி வைத்துக் கொடுத்தாள். ஒரே கம்பெனிப் பந்து பலரிடம் இருக்கும், எண்ணும் ஒன்றாக இருக்கலாம். என்னுடையதுதான் என்று அடையாளம் காட்ட முடியாவிட்டால் அது தொலைந்த பந்துதான். இரண்டரை நிமிஷம் தாண்டிவிட்டது என்றார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த, என் ஸ்கோரைக் குறிக்கும் மார்க்கர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பெண் என்னைவிட ஒரு ஸ்ட்ரோக் பின்னால் இருந்தாள். பந்து கிடைக்காமல் போயிருந்தால் லாபம் அவளுக்கு. எதிராளி தொலைத்ததை எதிராளியே தேடிக்கொடுக்கும் வழக்கம் வேறெந்த ஆட்டத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. கோல்ஃபில் அது மரியாதை. ஆனால் மரியாதைக்குத் தேடுவது ஒரு விதம், நிஜமாகத் தேடுவது இன்னொரு விதம். புதரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "அச்சச்சோ" என்று நிற்கிறவர்களோடு நிறைய ஆடியிருக்கிறேன். இவள் புறங்கையில் முள் கிழித்த கோடு அடுத்த நாலைந்து ஹோலுக்கும் சிவப்பாகவே தெரிந்தது. ஆன்ட்டி என்று கூப்பிட்டதை மட்டும் மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

தொங்குகிற பந்தை அடிக்க வழியில்லை. ஆட முடியாத பந்து என்று அறிவித்தால் மூன்று வழி உண்டு: முதல் அடி அடித்த இடமான டீக்குத் திரும்புவது, இரண்டு கிளப் நீளத்துக்குள் டிராப் செய்வது (பந்தைக் கையிலிருந்து கீழே விடுவது), கொடியையும் பந்து இருந்த இடத்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போவது. இரண்டு கிளப் நீளம் போனாலும் முள்தான். ரெஃபரி வந்து பந்துக்கு நேர்கீழே தரையில் ஒரு புள்ளியை வைத்துக் கோட்டைக் காட்டினார். பொறுமையாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. அவருக்கும் நன்றி. பின்னால் போய், முழங்கால் உயரத்திலிருந்து டிராப் செய்து, அண்ணன் நீட்டிய 9-ஆம் அயர்னை அடித்தேன். கிரீனில் நின்றது. இரண்டு பட். போகி. பாருக்கு ஒன்று கூடுதல்தான், ஆனாலும் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு போகி எழுதியதில்லை.

எழுதியது நான் இல்லை, மார்க்கர். பெங்களூரிலிருந்து வந்திருந்த மூத்த ஆட்டக்காரர், என் ஸ்கோரைக் குறித்தவர். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் டீக்கடைப் பக்கம் நகர, அவர் என்னை உட்கார வைத்து ஒவ்வொரு ஹோலாக வாய்விட்டுப் படித்தார். புதர் ஹோல் வந்ததும் விரல் விட்டு எண்ணினார்: டீ ஒன்று, பெனால்டி இரண்டு, அயர்ன் மூன்று, அப்புறம் இரண்டு பட். ஐந்து. எனக்கு அலுப்பாக இருந்தது, பசி வேறு. ஆனால் ஸ்கோர் அட்டையில் ஒரு ஹோலுக்கு உண்மையைவிடக் குறைத்துக் கையெழுத்துப் போட்டால் தகுதி இழப்பு. கூட்டிப் போட்டால் கூட்டினதே நிற்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17-ஆவது ஹோலில் அடித்தது மூன்று. மார்க்கர் எழுதியது நாலு. டி விசென்சோ அதிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த ஒரு ஸ்ட்ரோக்கில் பிளேஆஃப் (சமநிலையில் முடிந்தால் ஆடும் கூடுதல் ஆட்டம்) போச்சு. மொத்தக் கூட்டல் கமிட்டியின் பொறுப்பு, ஹோல் கணக்கு நம்முடையது. மார்க்கர் மேடம், உங்கள் நிதானத்துக்கு நன்றி.

விடியுமுன் வந்து நீள மூங்கில் கழியால் கிரீன்களில் பனியைத் தட்டிவிட்டவர்களுக்கு, முதல் ஹோலின் டீயில் நடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்குச் சுக்குக் காபி கொடுத்தவருக்கு, இடுப்பு வலியோடு போட்டிக்குப் போகலாமா என்று கேட்டதற்கு "போங்க, ஆனா இதைச் செய்யுங்க" என்று தினம் இருபது நிமிஷப் பயிற்சி எழுதிக்கொடுத்த பிசியோதெரபிஸ்டுக்கு, செட்டிபாளையம் மைதானத்தில் சாயங்காலம் நேரம் போவது தெரியாமல் என் பட்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்த தோழிகளுக்கு எல்லாம் நன்றி.

வீட்டில் என் அத்தை. கல்யாணம் ஆன புதிதில், சனி ஞாயிறு மருமகள் பை தூக்கிக்கொண்டு எங்கே போகிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "எதோ வேலை" என்று சமாளித்தவர். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஆடியபோது விடியற்காலையில் என்னோடு உட்கார்ந்து முழுதும் பார்த்தார். அதிதியின் அம்மாதான் கேடி என்று நான் சொன்னதும் டிவிக்குக் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலம் போய் நாலாவது இடம். "ஏன் அம்மணி, அந்தப் புள்ளைக்கு ஒத்தை அடியில போயிருச்சே" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் யார் கேட்டாலும் "மருமக மேட்ச்சுக்குப் போயிருக்கறா" என்றுதான் பதில். இந்தத் தடவை மகளுக்குப் பரீட்சை நேரம். அத்தையும் என் கணவரும் பார்த்துக்கொண்டார்கள், நான் நிம்மதியாக மலையேறினேன். ஆறாவது இடம் என்று போனில் சொன்னபோது, "மேல அஞ்சு பேருதானா?" என்றார் அத்தை. அதைவிட நல்ல வாழ்த்து யாரும் சொல்லவில்லை.

சென்னைப் பெண்ணே, கடைசி ஹோலில் நீ பர்டி (பாருக்கு ஒன்று குறைவு) போட்டு என்னை முந்திக்கொண்டு ஐந்தாவதாக முடித்தாய். கை தட்டியது மனசார. அடுத்த போட்டியில் உன் பந்து புதருக்குள் போனால் நானும் முள்ளுக்குள் கைவிடுவேன், கவலைப்படாதே. ஆனால் பட்டிங்கில் சலுகை கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யார் வீட்டுப் பரணிலாவது பழைய இடது கை கிளப் செட் இருந்தால், முழு செட்டாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஊட்டியில் கேடிகளைக் கவனிக்கும் கேடி மாஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். காந்தல் அண்ணன் மகனுக்கு என்று சொன்னால் போதும். பட்டர் மட்டும் வேண்டாம், அதை நான் வாங்கி அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து உங்கள் சக ஆட்டக்காரி