தோற்றவர் அல்ல, விலகியவர்

ஆசிரியருக்கு,

பட்டத்தைத் தக்கவைக்க வந்த குத்துச்சண்டை வீரர் மறுபோட்டியின் நடுவிலேயே கையை உதறிவிட்டு விலகினால், ‘பயந்து ஓடினார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பனாமா நாட்டு வீரர் ராபர்ட்டோ டுரான் பெயர் வரும்போதெல்லாம் இதைத்தான் படிக்கிறோம். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

1980 ஜூன் 20-ல் மான்ட்ரியலில் 15 சுற்று ஆடி அமெரிக்க வீரர் சுகர் ரே லெனார்டை வென்று அவருடைய உலகப் பட்டத்தைப் பறித்தார் டுரான். அதோடு அவர் கணக்கு 72 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. நவம்பர் 25-ல் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் மறுபோட்டி. இடைவெளி 158 நாள்தான். வெற்றிக் கொண்டாட்டத்தில் ஏறிய எடையை அதற்குள் இறக்கி, வெல்டர்வெயிட் எடைப்பிரிவின் 147 பவுண்டு வரம்புக்குள் வந்தாக வேண்டும்.

எடை இறக்குவதில்தான் பலரும் கவனிக்காத சிக்கல் இருக்கிறது. கடைசி நாட்களில் கரைவது கொழுப்பு அல்ல, தண்ணீர். ஒரு லிட்டர் வியர்த்தால் ஒரு கிலோ குறையும். அதோடு ரத்தத்தின் அளவும் குறையும், உப்பும் போகும், தசையில் சேர்த்துவைத்த சர்க்கரையும் வற்றும். அன்றெல்லாம் எடை பார்ப்பது போட்டி நாளன்றே. தராசிலிருந்து இறங்கியவுடன் கொழுப்புள்ள மாமிசத்தை வயிறு முட்டச் சாப்பிட்டு, குளிர்ந்த பானத்தை மடமடவென்று குடித்தால், மணி அடிக்கும்போதும் அது இரைப்பையிலேயே கிடக்கும். ஓடியாடும்போது ரத்தம் கை கால் தசைகளுக்குப் போய்விடுவதால் செரிமானம் மந்தமாகி வயிறு இழுத்துப் பிடிக்கலாம். உப்பு கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகவும், சோறு போன்ற எளிதில் செரிக்கும் மாவுச்சத்தைச் சிறு சிறு அளவாகவும் பல மணி நேரத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மறுபோட்டியில் விலகியதற்குக் காரணமாக, வயிறு பிடித்துக்கொண்டது என்று டுரான் சொன்னதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் வயிறு மட்டும்தான் காரணம் என்பதையும் ஏற்க முடியவில்லை. எட்டாவது சுற்றில் 2 நிமிடம் 44 விநாடி ஆனபோது அவர் விலகினார். சுற்று முடியும் மணி அடிக்க இன்னும் 16 விநாடிதான். பொறுத்திருந்தால் ஸ்டூலில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்கலாம். பயிற்சியாளர்கள் ஆலோசித்து நிறுத்தியிருக்கலாம். புள்ளிகளிலும் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை: ஏழு சுற்று முடிவில் 68–66, 68–66, 67–66 என்று லெனார்டுக்குச் சிறிய முன்னிலை. இருந்தும் நடுவர் தொடரச் சொன்னபோது மறுத்தார்.

லெனார்டின் கால்களைப் பார்த்தால் விஷயம் புரியும். மான்ட்ரியலில் அவர் நின்ற இடத்தில் நின்று மோதினார். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி விலாவில் குத்தும் டுரானுக்கு அதுவே வேண்டியிருந்தது. மறுபோட்டியில் லெனார்ட் ஜாப் (முன் கையால் நேராக விடும் விரைவான குத்து) போட்டார், பக்கவாட்டில் நகர்ந்தார், டுரான் உள்ளே புகுந்தால் அவர் கைகளைக் கட்டிப்பிடித்துத் திருப்பிவிட்டார். காற்றில் போகும் குத்து, பட்ட குத்தைவிட அதிகம் களைக்க வைக்கும். ஏழாவது சுற்றில் லெனார்ட் வலக் கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, டுரான் அதையே பார்த்துக்கொண்டிருக்க, இடக் கையால் முகத்தில் ஜாப் விட்டார். அரங்கமே சிரித்தது. தண்ணீர் வற்றிய உடம்பு, எட்டாத எதிராளி, அதற்கு மேல் இந்த அவமானம். அடிவாங்க அஞ்சாத ஒருவருக்கு இவை மூன்றும் சேர்ந்து வந்தபோது ஆத்திரமே முடிவெடுத்தது என்பதே என் கணிப்பு.

அவர் கோழை இல்லை என்பதற்குப் பின்னால் வந்த போட்டிகளே சாட்சி. 1983-ல் டேவி மூரையும், 1989-ல் தன்னைவிட உருவத்தில் பெரிய ஐரன் பார்க்லியையும் வென்று மேலும் இரு எடைப்பிரிவுகளில் பட்டம் பெற்றார்.

மறுபோட்டிக்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள் பரிசுத்தொகையை மட்டும் பேசினால் போதாது, இடைப்பட்ட நாட்களில் எடை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் பேச வேண்டும். உலகக் குத்துச்சண்டை கவுன்சில் இப்போது போட்டிக்கு 30 நாள் முன்பு வரம்பைவிட 10 சதவீதத்துக்கு மேலும், 7 நாள் முன்பு 5 சதவீதத்துக்கு மேலும் எடை இருக்கக் கூடாது என்கிறது. வெல்டர்வெயிட் வீரருக்கு அது ஏறக்குறைய 162, 154 பவுண்டு. எந்தப் பட்டமும் இல்லாத சிறிய போட்டிகளின் ஒப்பந்தத்திலும் இந்த இரண்டு எண்களை எழுதச் சொல்லிப் பயிற்சியாளர்கள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர்