ஆண் குட்டி கிடைக்காது, பொன்னி

சேலையூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பொன்னி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அதில் ஒரு மூலையை இட்லி தின்றுவிட்டது. தட்டில் வைக்கிற இட்லி இல்லை. வெள்ளையாக, உருண்டையாக இருந்ததால் நான் அப்படிப் பெயர் வைத்த நாய்க்குட்டி. நல்லவேளை, தின்ற மூலையில் உன் நாத்தனார் சண்டைதான் இருந்தது. முக்கியமான வரி தப்பிவிட்டது: "தோப்புக் காவலுக்கு நல்ல ராஜபாளையம் ஆண் குட்டியாப் பார்த்துக் கொடு. பொட்டை வேண்டாம்டி. உன்கிட்டதான் எப்பவும் பத்துப் பதினைஞ்சு கிடக்குமே."

பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "ரிட்டையர் ஆனவளுக்கு என்ன வேலை" என்பாய்.

தெருக்குட்டிகளை எடுத்து வளர்த்துத் தத்துக் கொடுக்கிற எங்களுக்கு மார்கழிதான் குட்டி சீசன். புரட்டாசி, ஐப்பசியில் தெருவில் நாய்கள் சேரும். 63 நாள் கணக்கு. பனி கொட்டும் நேரத்துக்குச் சரியாகப் போட்டுவிடும். இந்த முறை எங்கள் பக்கத்தில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்ட பள்ளத்தில் ஆறு குட்டிகள். தாயை லாரி அடித்துவிட்டது. காலேஜ் பையன்கள் இரண்டு பேர் தக்காளிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ராத்திரி பத்தரைக்கு வாசலில் நின்றார்கள். நம் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார், பெட்டியைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பழைய பேப்பர்களை எடுத்துப் போட்டார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நான் அவருக்குப் பழக்கிய ஒரே நல்ல பழக்கம் அதுதான்.

குட்டிகளுக்கு நான் டிபன் பெயர்தான் வைப்பேன். தத்து எடுக்கிறவர்கள் எப்படியும் மாற்றிக்கொள்ளப் போகிறார்கள். இட்லி, வடை, பொங்கல், சேவை, பூரி, பணியாரம். "வடை, வாடா!" என்று நான் வாசலில் கத்தினால் எதிர் வீட்டுப் பையன் தட்டோடு வருகிறான்.

காலை நாலரைக்கு எழுந்தால் முதல் வேலை பேப்பர் மாற்றுவது. அடுத்தது அடுப்பு. கோழிக்கடையில் கழுத்தும் ஈரலும் சொல்லி வைத்திருக்கிறேன். அரிசியோடு மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவைத்து, கழுத்து எலும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். வெந்த எலும்பு உடைந்தால் ஊசி மாதிரி. உப்பு, வெங்காயம் கிடையாது. "நாய்க்குச் சமைச்சாச்சா? அப்ப எனக்கு?" என்று இவர் தினமும் கேட்பார். இதற்கு நடுவில் மாடி பாத்ரூமில் இரண்டு பூனைக்குட்டிகள், கண் திறக்காதவை. அவற்றுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். பசும்பால் கொடுத்தால் பேதியில் போய்விடும்; பூனைக்குட்டிக்கென்று தனியாகப் பால்பவுடர் விற்கிறார்கள். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் ஒன்றுக்கே போகும். தாய் நக்கிச் செய்கிற வேலை அது. உன் தோழி இந்த வயதில் என்னவெல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறாள் பார்.

பன்னிரண்டாம் நாள் பொங்கல் சாப்பிடவில்லை.

கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. குட்டிகளைக் கொல்கிற வைரஸ் நோயான பார்வோவுக்கு ஒரு வாடை உண்டு. ரத்தமும் அழுகலும் கலந்து, தொண்டையில் போய் உட்காரும். ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். டாக்டர் கிட் போட்டுப் பார்த்தார். கர்ப்பம் பார்க்கிற பட்டை போலவே இரண்டு கோடு. அன்றிலிருந்து ஆறு நாள் எங்கள் ஹால்தான் ஆஸ்பத்திரி. ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டில் தொங்கும். என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத காலில் நரம்பு தேடி, ஊசி போட்டு, பிளாஸ்டர் சுற்றி, அதைக் கடித்துவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சொட்டு வேகமாக இறங்கினாலும் ஆபத்து, நின்றாலும் ஆபத்து. பார்வோவைக் கொல்ல மருந்து கிடையாது. வாந்தியிலும் பேதியிலும் போகிற நீரைத் திருப்பி ஏற்றி, வேறு கிருமி சேராமல் பார்த்து, உடம்பு தானாகப் போராட நேரம் வாங்கித் தருகிறோம், அவ்வளவுதான். நாலு பிழைத்தன. பொங்கலும் சேவையும் போய்விட்டன. இவர் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டினார். சுண்ணாம்பை நான் கொட்டினேன்.

தப்பு என்னுடையது, பொன்னி. புதிதாக வருகிற குட்டியை இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறவள் நான். நடுவில் தெருமுனையிலிருந்து இன்னொரு குட்டி வந்தபோது, ஒரு ராத்திரிதானே என்று அதே அறையில் விட்டேன். ஆறு வாரத்தில்தான் முதல் தடுப்பூசி. இவற்றுக்கு அப்போது ஒரு மாசம் ஆகியிருக்காது. அந்தக் கிருமி மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண பினாயிலுக்கெல்லாம் அசையாது. பிளீச்சிங் கரைசலில் தரையைக் கழுவிக் கழுவி என் கை தோல் உரிந்துவிட்டது. ஊசி போடாத குட்டி எதையும் அடுத்த ஆறு மாசத்துக்கு உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதைச் சொல்லி இந்த வாரம் மட்டும் ஒன்பது பேருக்கு இல்லை என்று சொன்னேன். கழுவுவதைவிட அதுதான் சிரமமாக இருக்கிறது.

சரி, பிழைத்ததுகளுக்கு வீடு தேட வேண்டுமே. அது தனிக் கச்சேரி. வருகிற போனில் பாதி, "25 நாள் குட்டியாக் கொடுங்க, அப்பத்தான் நம்மகிட்ட பழகும்" என்று கேட்கிறவர்கள். இரண்டு மாசமாவது கூடப்பிறந்ததோடு இருந்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதே அதற்குப் புரியும். சீக்கிரம் பிரித்த குட்டிதான் பிறகு குழந்தையின் கையைப் பதம் பார்க்கும். மீதியில் நிறையப் பேர் எங்கள் தெரு நாய்களைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்பவர்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதே, அப்போது எனக்கு நாள் முழுக்க இதே போன்தான். "கோர்ட்டே சொல்லிடுச்சு, எப்ப வர்றீங்க?" பத்துப் பதினோரு நாளில் அந்த உத்தரவை மாற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது மட்டும் யார் காதிலும் விழவில்லை. வெறி உள்ளதையும் கடிக்கிறதையும் விடக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. நான் ஒன்றும் நாய்க்கு வக்கீல் இல்லை. வெறிநோய் முற்றினால் அநேகமாக யாருமே பிழைப்பதில்லை. பயப்படுகிறவர்களின் பயம் நியாயமானது. நானே முன்கூட்டிய ஊசி மூன்று போட்டுக்கொண்டவள்தான். போன மாசம் வடை கையைக் கீறியதும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் குழாயடியில் நின்றேன், பிறகு போய் இன்னும் இரண்டு ஊசி. ஆனால் ஒரு தெருவைக் காலி செய்தால் அடுத்த தெரு நாய் வந்து உட்காரும். சென்னையில் விலங்கு நலச் சங்கமான புளூ கிராஸ்காரர்கள் 1964இலிருந்து இதைத்தான் சொல்கிறார்கள். மாநகராட்சி அதைக் காதில் வாங்க 1996 ஆயிற்று. எங்கள் தெருவில் காது நுனி வெட்டியிருக்கிற கிழவி ஒருத்தி இருக்கிறாள். ஆபரேஷன் ஆனதன் அடையாளம் அந்த வெட்டு. அவள் இருக்கிற வரைக்கும் வேறு நாய் இந்தப் பக்கம் வராது.

மிச்சமிருக்கிற ஒரு சிலர்தான் நிஜமாகவே குட்டி கேட்கிறவர்கள். அவர்களிடம் நான் பெண் பார்க்கப் போன மாமியார் மாதிரி கேள்வி கேட்பேன். சொந்த வீடா, வாடகையா? ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமா? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? கருத்தடை செய்வீர்களா? பிறகு நேரில் போய்ப் பார்ப்பேன், மொட்டைமாடியில் கட்டிப்போட இடம் தயாராக இருக்கிறதா என்று. இவ்வளவு பார்த்தும் ஏமாந்திருக்கிறேன். பணியாரத்தின் அக்கா முறையில் ஒருத்தி, போன வருஷம் கொடுத்தது, எட்டாம் மாசம் திரும்பி வந்தாள். புது வீட்டில் கிரானைட் போட்டிருக்கிறார்களாம், நகம் கீறுகிறதாம். கொண்டுவந்து விட்டவர்களின் கார் தெருமுனை திரும்புகிற வரை வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பிறகு உட்கார்ந்துகொண்டது. திட்டவில்லை நான். திட்டினால் அடுத்த ஆள் நாயை என்னிடம் கொண்டுவர மாட்டார், பைபாஸில் இறக்கிவிடுவார்.

உன் ராஜபாளையமும் அப்படி இறக்கிவிடப்பட்டதுதான் ஒருமுறை என்னிடம் வந்தது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, அசல். 2005இல் நாலு நாய் போட்டு ஸ்டாம்ப் வந்ததே, நீ ஆல்பத்தில் ஒட்டி எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதில் இருப்பது போலவே. ஆனால் முழுச் செவிடு. அந்த வெள்ளையோடு செவிட்டுத்தன்மையும் அடிக்கடி சேர்ந்தே பிறக்கும். விலை போகாதது ரோட்டுக்கு வரும். அதை ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் கொண்டுபோனார். அவருக்கும் காது மந்தம். கூப்பிட வேண்டுமானால் காலால் தரையைத் தட்டுவார், அதிர்வு தெரிந்து எழுந்து வரும். அவர் மனைவி மட்டும் இரண்டு பேரிடமும் கத்திக் கத்தி அலுத்துவிட்டார். அது இருக்கட்டும், கோம்பை உனக்குக் கூப்பிடு தூரம். செவலை உடம்பும் கறுத்த மூஞ்சியுமாகக் கோம்பை நாயைப் பெற்ற ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு நீ ஏன் ராஜபாளையத்துக்கு அலைகிறாய்?

இப்போது எள்ளுவைப் பற்றி. என்னிடம் வந்து ஒன்பது மாசம் ஆகிறது. இத்தனை நாள் யாரும் தங்கியதில்லை. கன்னங்கரேல், மார்பில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு. கறுப்பு நாய்க்கு ஜோசியர்கள் தயவில் நல்ல கிராக்கி உண்டு, தெரியுமா? பைரவர் வாகனம், சனி தோஷம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். எள்ளுவைப் பார்க்கவே பதினோரு பேர் வந்தார்கள். பார்ப்பார்கள், கொஞ்சுவார்கள், திருப்பிப் பார்ப்பார்கள். "ஓ, பொட்டையா" என்று கையைத் துடைத்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை தீட்டு, வாசலில் கடுவன்கள் கூட்டம், பிறகு குட்டி என்று பயம். ஆறாம் மாசமே ஆபரேஷன் செய்தாயிற்று, இனி எதுவும் கிடையாது, காதைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குட்டிகளிலும் இட்லிக்கும் வடைக்கும் ஆள் சொல்லியாயிற்று. பூரியும் பணியாரமும் பெண், இன்னும் இங்கேதான்.

ஹாஸ்டலில் சேர்ந்த அன்று வார்டன் பதிவேட்டைப் பார்த்து "போதும்பொண்ணு" என்று உன் பெயரை வாசித்ததும் அறையே சிரித்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாலாவதும் பெண் என்று உன் அப்பா வைத்த பெயர். அன்று ராத்திரிதான் நான் உன்னைப் பொன்னி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அந்த நீ, "பொட்டை வேண்டாம்டி" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். முதலில் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கோபமும் வந்தது.

ஆனால் நான் மறுப்பதற்குக் காரணம் அது இல்லை. எள்ளுவையும் உனக்குத் தரமாட்டேன். நான்கு வருஷம் முன்னால் உன் தோப்புக்கு வந்தபோது, மோட்டார் ரூம் பக்கத்து வேப்பமரத்தில் உன் நாய் மணியைக் கட்டியிருந்தாய். மரத்தைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம், புல் முளைக்காமல், செக்குமாடு சுற்றிய தடம் போலத் தேய்ந்திருந்தது. சங்கிலி எவ்வளவு நீளம் என்பதை அந்த வட்டத்தை வைத்தே அளந்துவிடலாம். நீ அதற்கு வேளாவேளைக்குச் சோறு வைத்தாய், மறுக்கவில்லை. காவலுக்குக் கட்டிப்போட்டால்தான் கோபம் வரும் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். வரும்தான். போன வருஷம் அது தேங்காய் பறிக்க வந்தவரின் கெண்டைக்காலைப் பிடுங்கியதாக நீயே எழுதினாய். முன்பின் தெரியாத ஒருவர் இந்த விவரத்தோடு போன் செய்திருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே வைத்திருப்பேன். நீ என்பதால் ஐந்து பக்கம் எழுதுகிறேன்.

அப்புறம், ஒரு யோசனை. தையில் அறுவடை முடிந்து உனக்குக் கொஞ்சம் ஓய்வுதானே? வாரம் மூன்று நாள் போடி ரயில் இருக்கிறது, தேனியில் ஏறினால் காலையில் சென்ட்ரல். வந்து நாலு நாள் இரு. காலையில் எள்ளுவை நீதான் நடக்கக் கூட்டிப்போக வேண்டும். வாரைப் பிடித்து இழுக்க மாட்டாள், ஆனால் தயிர்க்கடை வந்தால் நின்றுவிடுவாள். பூனைக்குட்டிக்கு ராத்திரி இரண்டு மணிப் பால் உன் முறை. அதற்குப் பிறகும் குட்டி வேண்டும் என்றால், தோப்பைச் சுற்றி வேலி, சங்கிலி இல்லை, ராத்திரி திண்ணையில் படுக்கை. இதற்கெல்லாம் உன் வீட்டுக்காரர் என்னிடம் போனில் வாயைத் திறந்து சரி சொல்ல வேண்டும். யாருக்கும் விதி ஒன்றுதான்.

வரும்போது திராட்சை வேண்டாம், நாய்க்கு ஆகாது; கீழே ஒன்று உருண்டாலும் நான் பின்னாலேயே ஓட வேண்டும். பழைய வேட்டி, போர்வை, கிழிந்த துண்டு எது இருந்தாலும் மூட்டை கட்டி எடுத்து வா. புதுசு எதுவும் வாங்காதே. இட்லிக்குத் துணி என்றால் அவ்வளவு பிரியம்.

அன்புடன்,
செல்வி