மெக்கானிக்கலா, இன்டஸ்ட்ரியலா: மகளுக்கு ஒரு பதில்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலாண்டுப் பொதுப்பாடங்கள் முடியப்போகின்றன, மெக்கானிக்கல் பொறியியலா, இன்டஸ்ட்ரியல் பொறியியலா, எந்தப் பிரிவு என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும், கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் மாமா வேறு, "இன்டஸ்ட்ரியல் என்றால் அரைப் பொறியியல்தானே" என்று ஒரு போடு போட்டிருக்கிறார். அதை முதலில் தீர்த்துவிடுவோம். அந்த முள் உறுத்திக்கொண்டிருந்தால் நான் சொல்லப்போகும் வேறு எதுவும் உன் மனதில் தங்காது.

அமெரிக்கப் பொறியாளர் பிரெடெரிக் டெய்லர் என்றதும் பலருக்கும், வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கத் தொழிலாளியின் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நின்றவர்தான் நினைவுக்கு வருவார். இன்டஸ்ட்ரியல் துறைக்கு வித்திட்டவர்களில் அவரை முதலில் சொல்வார்கள். அதே மனிதர்தான் மான்சல் ஒயிட்டுடன் சேர்ந்து, செஞ்சூட்டிலும் முனை மழுங்காமல் வெட்டும் அதிவேக எஃகை உருவாக்கினார். 1906இல் அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரை முழுக்க உலோகம் வெட்டுவதைப் பற்றியதுதான். வெட்டும் வேகத்தைக் கூட்டினால் உளியின் ஆயுள் எப்படிக் குறைகிறது என்று அவர் கண்ட சமன்பாட்டை மெக்கானிக்கல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் தொடர்ந்து பார். வேகமாக வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உளியை அடிக்கடி மாற்ற வேண்டும், மாற்றும் நேரமெல்லாம் இயந்திரம் சும்மா நிற்கும். அப்படியானால் எந்த வேகம் மொத்தத்தில் ஆதாயம்? கேள்வியின் முன்பாதி மெக்கானிக்கல், பின்பாதி இன்டஸ்ட்ரியல். இரண்டும் ஒரே மண்டைக்குள் எழுந்தவை. (டெய்லரின் வழி எனக்கு முழுதும் உவப்பானதல்ல. தொழிலாளி யோசிக்க அவர் இடமே வைக்கவில்லை. அது வேறு வழக்கு.)

இனி நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைத் தளத்திலிருந்தே ஓர் உதாரணம். ஒரு பாகம் மூன்று இயந்திரங்களைக் கடந்து வருகிறது என்று வைத்துக்கொள். உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தில் 4 நிமிடம், துளையிடும் இயந்திரத்தில் 6 நிமிடம், தேய்த்துச் சமன்செய்யும் கிரைண்டரில் 5 நிமிடம். மணிக்கு எத்தனை வெளியே வரும்? 10தான். லேத்தை எவ்வளவு விரட்டினாலும் 10தான். துளையிடும் இயந்திரத்தின் முன்னால் குவியல் உயரும், அவ்வளவே.

இங்கே ஒரு மெக்கானிக்கல் பொறியாளரை அழைத்து வந்தால் அவர் குனிந்து துளையைப் பார்ப்பார். 6 நிமிடம் ஏன் ஆகிறது? துளை ஆழமானது. உலோகச் சுருள்கள் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைத்துக்கொள்கின்றனவா? குளிர்விக்கும் திரவம் முனைவரை போகிறதா, மேலேயே வழிந்துவிடுகிறதா? முனையின் கோணத்தை மாற்றலாமா? விரலில் சுருளை எடுத்து நிறத்தைப் பார்ப்பார். நீலம் பாய்ந்திருந்தால் சூடு எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்டஸ்ட்ரியல் பொறியாளர் நாலடி பின்னால் நின்று மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார். இடைவேளையில் துளையிடுபவரும் எழுந்து போகிறாரே, அந்த ஓர் இயந்திரத்துக்கு மட்டும் மாற்றாள் வைத்தால் என்ன? லேத்திலேயே கெட்டுப்போன பாகங்களைத் துளை போட்ட பிறகா கண்டுபிடிக்கிறீர்கள்? அந்தச் சோதனையை முன்னால் கொண்டுவாருங்கள், நெருக்கடியான இயந்திரம் குப்பைக்காக உழைக்க வேண்டாம் என்பார். பிறகு தரையில் கிடப்பவற்றை எண்ணுவார். தளத்தில் 30 பாகங்கள் இருக்கின்றன, மணிக்கு 10 வெளியேறுகின்றன என்றால் ஒவ்வொரு பாகமும் சராசரியாக 3 மணி நேரம் உள்ளே கிடக்கிறது. உண்மையான வேலையோ 15 நிமிடம். இந்தக் கணக்குக்கு ஜான் லிட்டில் 1961இல் நிரூபணம் எழுதினார். கேட்டால் 'இதென்ன, தெரிந்ததுதானே' என்று தோன்றும். தொழிற்சாலைகளில் தினமும் இதை மறந்துதான் "அவசரம், எல்லாரும் வேகமாக ஓட்டுங்கள்" என்று கத்துகிறார்கள்.

இந்த இரண்டு பேரில் யாருடைய வேலை உன் கையை அரிக்கிறது? அதைத்தான் நீ பார்க்க வேண்டும்.

பாடங்களைப் பற்றி நீயே விசாரித்திருப்பாய். மெக்கானிக்கலில் வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொருள் வலிமை, இயந்திர வடிவமைப்பு. இன்டஸ்ட்ரியலில் நிகழ்தகவு, புள்ளியியல், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (இருக்கும் வளங்களுக்குள் சிறந்த முடிவைக் கணக்கால் தேடுவது), தரக் கட்டுப்பாடு, பணி ஆய்வு. இதில் கணக்கு குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதே, கணக்கின் சாயல்தான் வேறு. ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாரம் தாங்கும் உத்தரக் கட்டை உன்னோடு வாதாடாது. எடையை ஏற்றினால் சூத்திரம் சொன்ன அளவுக்கு வளையும். மனிதர்கள் அப்படியில்லை. நீ நேரம் குறிக்க நிற்கிறாய் என்று தெரிந்ததும் ஒருவர் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார், இன்னொருவர் பதறிப்போய் வேகமாகச் செய்வார். இன்டஸ்ட்ரியலில் கணக்கு சரியாக இருந்தும், மேஸ்திரி ஒப்புக்கொள்ளாததால் திட்டம் அப்படியே கிடக்கும். அந்தப் பேச்சுவார்த்தையைத் தொல்லை என்று நினைப்பவர்கள் அங்கே போகாமலிருப்பது நல்லது.

"மெக்கானிக்கல் எடு, வழி அகலம், பிறகு வேண்டுமானால் மேற்படிப்பில் மாறிக்கொள்" என்று உன் வகுப்பில் சொல்கிறார்களாம். உண்மைதான். மெக்கானிக்கல் படித்தவர்கள் உற்பத்தித் திட்டமிடலில் எங்கும் இருக்கிறார்கள். இன்டஸ்ட்ரியல் படித்தவரிடம் டர்பைனின் இறக்கையை வடிவமைக்கச் சொல்வது அபூர்வம். அதே சமயம் மருத்துவமனை, விமான நிலையம், கிடங்கு என்று இயந்திரமே கண்ணில் படாத இடங்களிலும் அவருக்கு வேலை உண்டு. ஆனால் அகலமான வழி என்பதற்காகப் பிடிக்காத பாடங்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அரை மனதோடு படித்த பாடத்துக்கு மதிப்பெண்ணும் அரையாகத்தான் வரும், பிறகு அந்த அகலத்தால் என்ன பயன்?

உன்னைப் பற்றி நான் கவனித்ததையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைப் பயிற்சி பற்றி ஒற்றை வரியில் எழுதிவிட்டு, நூலகத்தில் மாலை வேளையில் மட்டும் வரிசை ஏன் தேங்குகிறது என்று அரைப்பக்கம் எழுதியிருந்தாய். கவுன்டரைக் கூட்ட வேண்டாம், திருப்பித் தருபவர்களையும் எடுப்பவர்களையும் பிரித்தாலே போதும் என்று தீர்ப்பும் கூறியிருந்தாய். ஆகவே என் ஓட்டு இன்டஸ்ட்ரியலுக்கு. நீ கேட்டதால் சொல்கிறேன், கையெழுத்துப் போடுபவள் நீ.

அதை எடுத்தால் விருப்பப்பாடங்களில் பொருள் வலிமையையும் உற்பத்தி முறைகளையும் விடாதே. லேத்தில் என்ன நடக்கிறது என்று அறியாதவள் கொண்டுவரும் அட்டவணையைத் தளத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். எங்கள் இடத்தில் அப்படி வந்தவர்களை நானே முறைத்திருக்கிறேன். உன் கல்லூரியின் பாடத்திட்டத்தையும் வரிக்கு வரி படி. ஓரிடத்தில் இன்டஸ்ட்ரியல் என்ற பெயரில் பெரும்பாலும் உற்பத்திப் பொறியியல் நடக்கும், இன்னோரிடத்தில் பாதி மேலாண்மைப் படிப்பாக இருக்கும்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் இரண்டு பிரிவின் பழைய வினாத்தாள்களையும் வாங்கு. விடை தெரிய வேண்டாம். எந்தத் தாளில் 'இதை எப்படிப் போடுவது' என்று பென்சிலை எடுக்கத் தோன்றுகிறது என்று மட்டும் பார். படிவத்தின் கடைசித் தேதியை நீ எழுதவில்லை, அதையும் எழுது. நிகழ்தகவை யார் நடத்துகிறார் என்று விசாரித்துவை.

அன்புடன்,
அம்மா